எடுத்துக் கொடுத்தவர்

அன்புள்ள ஐயா,

நானும் கணவரும் ஓய்வு பெற்று மூன்று ஆண்டுகள் ஆகின்றன. நான் தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியையாக இருந்தேன். அவர் நில அளவைத் துறையில் இருந்தார். மன்னார்குடிப் பக்கம், மாமனார் காலத்து ஓட்டு வீட்டில் இருக்கிறோம். மழை ஓய்ந்து, போன வியாழக்கிழமை வெயில் இதமாக இருந்தது. ஆள் வைக்காமல் நாங்களே கொல்லைப்புறச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தோம். கிணற்றடித் துணிக்கொடியை மாற்றிக் கட்டினோம். கொல்லைக் கதவின் கீலுக்கு எண்ணெய் விட்டோம். அவர் அடித்தார், நான் எடுத்துக் கொடுத்தேன். இவ்வளவு நிறைவாக ஒரு நாள் கழிந்து வெகு காலமாகிறது. ஆனால் வேலை முடிந்து பார்த்தால் சுவர் திட்டுத் திட்டாக இருந்தது; அவருக்குத் தோள்வலி. மகன் தொலைபேசியில் கோபித்துக்கொண்டான். பெயிண்டரைக் கூப்பிட்டு நல்ல பெயிண்டாக அடித்தால் ஒரே நாளில் முடிந்துவிடும், இந்த வயதில் இதெல்லாம் எதற்கு என்கிறான். அவன் சொல்வது நியாயம்தானா?

ஒரு வாசகி

*

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் சுவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது கெட்டுப்போகவில்லை. சுண்ணாம்பு ஈரமாக இருக்கும்போது கண்ணாடி போலத்தான் தெரியும். காயக் காயத்தான் வெளுக்கும். அடித்த அன்றே அதன் நிறத்தை யாராலும் சொல்ல முடியாது. இதற்குள் பாதித் திட்டு மறைந்திருக்கும். மீதியை இரண்டாவது பூச்சு மறைத்துவிடும். ஒரே பூச்சில் எந்தச் சுவரும் வெளுத்ததில்லை.

பெயிண்ட் விஷயத்தில் உங்கள் மகனோடு எனக்கு உடன்பாடு இல்லை. மாமனார் காலத்து ஓட்டு வீடு என்கிறீர்கள். அந்தச் சுவரின் கட்டுமானமும் பூச்சும் சுண்ணாம்புக் காரையாக இருந்தால், அது மழைக்காலத்தில் ஈரத்தை உள்ளே வாங்கும், வெயில் வந்ததும் வெளியே விடும். அதன் மேல் இன்றைய பிளாஸ்டிக் பெயிண்டை அடித்தால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே நின்றுவிடும். பிறகு பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும், உப்புப் பூக்கும், காரையையும் சேர்த்துப் பெயர்த்துக்கொண்டு உதிரும். சுண்ணாம்பு சுவரின் மூச்சை அடைப்பதில்லை. காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல வாங்கித் திரும்பவும் கல்லாகிவிடுகிறது. அப்படிக் கல்லாவதற்குக் கொஞ்சம் ஈரமும் அவகாசமும் வேண்டும். சித்திரை வெயிலில் அடித்தால் சட்டென்று காய்ந்து, தொட்டால் கையில் வெள்ளைப் பொடியாக ஒட்டும். நீங்கள் தேர்ந்தெடுத்த நாள் உங்களுக்கு மட்டுமல்ல, சுவருக்கும் இதமான நாள்.

தோள்வலியைப் பொறுத்தவரை மகன் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. மூன்று வேலைகளை ஒரே நாளில் செய்திருக்க வேண்டாம். காலையில் இரண்டு மணி நேரம் போதும். ஏணியில் ஏறாதீர்கள், பிளாஸ்டிக் நாற்காலியில் ஏறவே கூடாது. கை எட்டும் உயரம் வரை நீங்கள் அடியுங்கள். அதற்கு மேல் உள்ளதற்கு ஓர் ஆளைக் கூப்பிடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள். சுண்ணாம்பு கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. உடனே நிறையத் தண்ணீர் விட்டு நெடுநேரம் கழுவிவிட்டு நேராக மருத்துவரிடம் போக வேண்டும்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி வேறு. "அவர் அடித்தார், நான் எடுத்துக் கொடுத்தேன்."

எங்கள் வீட்டிலும் அப்படித்தான் தொடங்கியது. நான் வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற வருடம், போகிக்கு முந்தைய வாரம், பின்கட்டுச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க முடிவு செய்தேன். முடிவு செய்தேன் என்றுதான் எழுத வேண்டும். என் மனைவியைக் கேட்கவில்லை. மட்டையை நான் எடுத்துக்கொண்டேன். வாளியைப் பிடிப்பதும், தண்ணீர் தெளிப்பதும், கீழே சிந்தியதைத் துடைப்பதும் தாமாகவே அவர் பங்குக்குப் போயின. கெட்டியாக அடித்தால் ஒரே பூச்சில் முடிந்துவிடும் என்று தோசை மாவு போலக் கரைத்து அடித்தேன். அவர் ஒருமுறை, "இன்னும் கொஞ்சம் தண்ணீர் விடலாமே" என்றார். நான் காதில் வாங்கவில்லை. மூன்றாம் நாள் அத்தனையும் அப்பளம் போல வெடித்து உதிர்ந்தது.

மறு வாரம் அவரே தொடங்கினார். ஒரு மண்தொட்டியில் தண்ணீரை நிரப்பி, அதில் கிளிஞ்சல் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டார். தண்ணீரில்தான் சுண்ணாம்பைப் போட வேண்டும், சுண்ணாம்பின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது என்றார். தொட்டி தானாகக் கொதிப்பதை நான் தள்ளி நின்று பார்த்தேன். இரண்டு நாள் ஊறவிட்டுப் பழைய வேட்டியில் வடிகட்டினார். ஒரு கரண்டி எடுத்துச் சாய்த்துப் பார்த்துப் பால் பதம் என்றார். துளி நீலத்தைத் துணியில் முடிந்து அலசினார். கைகளில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு, சுவரை நனைத்துவிட்டு, முதல் பூச்சு மேலிருந்து கீழ், மறுநாள் இரண்டாவது பூச்சு இடமிருந்து வலம். அவருடைய பிறந்த வீட்டில் ஒவ்வொரு போகிக்கும் பெண்கள்தாம் இதைச் செய்வார்களாம். மணமாகி 34 ஆண்டுகளாக ஒரே வீட்டில் இருக்கிறோம், அந்தக் கைக்கு இவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்டதில்லை. அன்று வாளியைப் பிடித்தவன் நான்.

கட்டட வேலை நடக்கும் இடங்களைப் பார்த்திருப்பீர்கள். கொத்தனார் என்றால் ஆண், சித்தாள் என்றால் பெண். இருபது ஆண்டுகள் கலவை சுமந்த பெண்ணுக்குக் கலவையின் பதம் தெரியாமலா இருக்கும்? ஆனாலும் கரண்டி அவர் கைக்கு வருவது அபூர்வம். கூலியும் குறைவு. அதே வழக்கத்தை, கூலி கொடுக்கவும் வாங்கவும் யாருமில்லாத நம் கொல்லைப்புறத்துக்குள் கொண்டு வந்துவிடுகிறோம். உங்கள் கணவர் கெட்ட எண்ணத்தில் செய்தார் என்று நான் சொல்லவில்லை. நானும் அப்படித்தான் செய்தேன். பழக்கம் அவ்வளவு ஆழத்தில் கிடக்கிறது. ஒரு பள்ளியையே நடத்தியவர் நீங்கள். உங்கள் சொந்தச் சுவருக்கு எடுத்துக் கொடுப்பவராக மட்டும் நிற்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

நீங்கள் சொன்ன அந்த நிறைவை நான் முழுமையாக நம்புகிறேன். அதை மகனுக்குக் கணக்குப் போட்டுக் காட்ட வேண்டியதில்லை. அடுத்த முறை அவன் வரும்போது வெளுத்த சுவரைக் காட்டுங்கள், போதும்.

மிச்சமான சுண்ணாம்பைக் கொட்டிவிடாதீர்கள். அதன் மேல் நான்கு விரல் உயரம் தண்ணீர் நிற்கும்படி வைத்து மூடி வையுங்கள். கெடாது, ஊற ஊறக் குழைவு கூடும். உங்கள் கணவரின் தோள் ஆறட்டும். அடுத்த வாரம், பனி விலகி இளவெயில் வந்ததும், இரண்டாவது பூச்சை நீங்கள் அடியுங்கள். அவர் எடுத்துக் கொடுக்கட்டும். சுவர் எப்படி வந்தது என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.