ராத்திரியில் வெடிக்கும் ஓஸ்: மலைத்தோட்டத்துக்குத் தண்ணீர் இறக்கும்போது

நீலகிரி மலையின் கேத்தி பள்ளத்தாக்கிலிருந்து ஒரு கேரட் விவசாயி கேட்டிருக்கிறார்: “எங்கள் நிலத்துக்கு மேலே சோலை ஓரத்தில் ஊற்று இருக்கிறது. வீட்டைவிட 70 மீட்டர் உயரம். அங்கிருந்து 400 மீட்டர் தூரம் முக்கால் இஞ்ச் கறுப்பு ஓஸ், 4 கிலோ ரகம், போட்டுத் தண்ணீர் இறக்குகிறோம். பகலில் பாத்திக்குத் திறந்துவிட்டிருக்கும்போது ஒன்றும் ஆவதில்லை. ராத்திரி வால்வை மூடினால், காலையில் கீழ்ப்பக்கம் ஓஸ் வெடித்தோ ஜாயிண்ட் கழன்றோ கிடக்கிறது. பனிக்காலம் என்றில்லை, மே மாதத்திலும் இப்படித்தான். வீட்டுத் தொட்டியில் ஃப்ளோட் வால்வும் (மிதக்கும் பந்து மேலேறி மூடும் வால்வு) மூடாமல் ஒழுகுகிறது. ஒரு இஞ்ச் ஓஸ் போட்டால் அழுத்தம் குறையும் என்கிறார் கடைக்காரர். மாற்றலாமா?”

மாற்ற வேண்டாம். அந்தச் செலவு வீண்.

நிற்கும் தண்ணீரின் அழுத்தம் உயரத்தை மட்டும் பொறுத்தது. ஓஸ் பருமனா ஒல்லியா, உள்ளே எத்தனை லிட்டர் நிற்கிறது என்பதெல்லாம் கணக்கிலேயே வராது. 10 மீட்டர் உயரத்துக்குச் சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் 70 மீட்டருக்கு 7 கிலோ. ஓஸ் தாங்குவது 4 கிலோ. உங்கள் ஓஸ் முழுக்க நிற்கும் தண்ணீர் சுமார் 125 லிட்டர்தான். ஒரு இஞ்ச் போட்டால் அது 200 லிட்டருக்குப் பக்கத்தில் போகும், கீழே அழுத்தம் அதே 7 கிலோ. இன்னொன்றும் உண்டு. சுவரின் தடிமன் அதேயாக இருந்து விட்டம் மட்டும் கூடினால், ஓஸைப் பிளக்கும் இழுவிசையும் கூடும். அதாவது பெரிய ஓஸ் இன்னும் சீக்கிரம் வெடிக்கும்.

பகலில் ஏன் வெடிப்பதில்லை? ஓடும்போது தண்ணீர் ஓஸின் சுவரோடு உரசிக்கொண்டே வருகிறது. 70 மீட்டர் உயரம் தந்த அழுத்தத்தை 400 மீட்டர் தூரத்து உராய்வு தின்றுவிடுகிறது. திறந்த வாய்க்கு வரும்போது மிச்சம் ஏறக்குறைய ஒன்றுமில்லை. மூடியதும் ஓட்டம் நிற்கிறது, உராய்வும் இல்லை, முழு 7 கிலோவும் கீழ்முனையில் வந்து உட்காருகிறது.

அதோடு, நீங்கள் கைப்பிடியைக் கால் சுற்று திருப்பினாலே மூடிக்கொள்ளும் பால் வால்வு வைத்திருந்தால், சட்டென்று மூடும் அந்த நொடியில் ஓடிவந்த தண்ணீர் முழுக்க முட்டி நிற்கும். ‘டொப்’ என்று ஓஸ் துள்ளுவதைப் பார்த்திருப்பீர்கள். நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் வந்த தண்ணீரை இப்படி நிறுத்தினால், பிளாஸ்டிக் குழாயில் சுமார் 3 கிலோ கூடுதலாக ஏறும். சுற்றிச் சுற்றி மூடும் கேட் வால்வு போடுங்கள், நிதானமாக மூடுங்கள்.

இதே மலையில் பெரிய உதாரணம் இருக்கிறது. 1932-இல் தொடங்கிய பைக்காரா மின்நிலையத்துக்குத் தண்ணீர் 900 மீட்டருக்கும் மேலான உயரத்திலிருந்து இறங்குகிறது. அடிவாரத்தில் 90 கிலோ அழுத்தம். அதைத் தாங்கத்தான் அவ்வளவு கனமான எஃகுக் குழாய். அங்கே அழுத்தம் வேண்டும், அதுதான் டர்பைனைச் சுற்றுகிறது. கேரட் பாத்திக்கு அது தேவையில்லை. அதனால் உயரத்தைப் பாதியில் முறித்துவிடலாம்.

வழி இதுதான். ஊற்றுக்கும் வீட்டுக்கும் நடுவே, 35 மீட்டர் உயரத்தில், 200 லிட்டர் டிரம் ஒன்றை இடைத்தொட்டியாக வையுங்கள். மேல் ஓஸ் அதில் வந்து கொட்டட்டும், அதன் அடியிலிருந்து கீழ் ஓஸ் புறப்படட்டும். டிரம்முக்குள் தண்ணீர் திறந்த காற்றைத் தொட்டதும் அழுத்தம் பூஜ்யமாகிறது. கீழ் ஓஸுக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து கணக்கு, 3.5 கிலோவோடு முடிந்துவிடும். சரிவு ஒரே சீராக இருந்தால் வரத்தும் குறையாது. ஆனால் 4 கிலோ ஓஸுக்கு 3.5 என்பது நெருக்கம்தான். இரண்டு துண்டிலும் கடைசி 50 மீட்டரை மட்டும் 6 கிலோ ஓஸாக மாற்றுங்கள். மேல்பகுதியில் அழுத்தம் குறைவு, பழைய ஓஸே போதும்.

இப்போது ஃப்ளோட் வால்வு. வீட்டுத் தொட்டிகளில் பெரும்பாலும் 12 சென்டிமீட்டர் பந்து இருக்கும், கொள்ளளவு 0.9 லிட்டர். பாதி முழுகினால் தண்ணீர் அதை 450 கிராம் விசையோடு மேலே தள்ளும். பந்தின் எடை 100 கிராம் போக, மிச்சம் 350. தண்டு அதைப் பத்து மடங்காக்கினால் வால்வின் வாயை அடைக்க 3.5 கிலோ கிடைக்கிறது. வாய் 1 சென்டிமீட்டர் விட்டம் என்றால், 7 கிலோ அழுத்தத்தில் தண்ணீர் அதை 5.5 கிலோவோடு எதிர்த்துத் தள்ளும். பந்து முக்கால்வாசி முழுகினால்தான் அடைபடும். அதற்குள் தண்ணீர் ஓவர்ஃப்ளோ குழாயைத் தொட்டுவிடுகிறது. வாஷர் தேய்ந்துவிட்டது என்று நினைத்து நீங்கள் இரண்டு வால்வு மாற்றியிருந்தாலும் ஆச்சரியமில்லை. அழுத்தம் 3.5 கிலோவுக்கு இறங்கினால் எதிர்விசை 2.75 கிலோ, அதே பந்து பாதி முழுகுமுன்பே மூடிவிடும்.

இடைத்தொட்டியிலும் ஒரு ஃப்ளோட் வால்வு போடுங்கள். போட மனமில்லையென்றால் வழியும் தண்ணீரை ஒரு ஓஸில் பிடித்து ஓடையிலேயே சேர்த்துவிடுங்கள். டிரம்மைச் சுற்றி வழியவிட்டால் சரிவு ஊறி மண் சரியும். நம் மலையில் இதை மட்டும் அலட்சியமாக விடக்கூடாது.

வரத்து போதவில்லை என்று தோன்றினால், முதலில் ஊற்றில் 20 லிட்டர் வாளியைப் பிடித்து எத்தனை நேரத்தில் நிரம்புகிறது என்று பாருங்கள். உங்கள் முக்கால் இஞ்ச் ஓஸே நிமிடத்துக்கு 30 லிட்டர் வரை இறக்கும். ஊற்று அதற்குக் குறைவாகத் தந்தால் எந்த ஓஸ் போட்டும் பயனில்லை. வழியில் மேடு ஏறி இறங்கும் இடத்தில் காற்று அடைத்துக்கொள்வதும் உண்டு. அங்கே ஒரு ‘டீ’ (T வடிவ ஜாயிண்ட்) வைத்துச் சின்னக் குழாய் பொருத்தி, அவ்வப்போது திறந்து காற்றை விடுங்கள்.

எல்லாம் முடிந்ததும் வீட்டருகே ஒரு பிரஷர் கேஜ் மாட்டி, ராத்திரி வால்வை மூடிவிட்டு முள்ளைப் பாருங்கள். 3.5 பக்கம் நிற்க வேண்டும். அது 4-ஐத் தாண்டினால் உங்கள் உயரக் கணக்கில் பிசகு, டிரம்மை ஐந்தாறு மீட்டர் கீழே இறக்கி வையுங்கள்.