மே மாத விடுமுறைக்குக் கட்டுப்படியாகும் ஐரோப்பிய ஊர் எது?

நால்வர் கொண்ட குடும்பம், பள்ளியில் படிக்கும் இரண்டு பிள்ளைகள், மே மாத விடுமுறையில் பத்து நாட்கள், சுவிட்சர்லாந்துக்கு விலை கேட்டு மலைத்துப் போனோம், ஐரோப்பாவில் நமக்குக் கட்டுப்படியாகும் நாடு வேறு உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். 2023 இறுதியில் இதே கேள்வியோடு நானும் பல வாரங்கள் அலைந்தேன். கடைசியில், 2024 மே மாதம் நான், மனைவி, 10 வயது மகள், 7 வயது மகன், 66 வயது அம்மா ஆகிய ஐவரும் போலந்துக்குப் போய், கிராக்கோவ் நகரில் ஏழு இரவும் தெற்கே மலையடிவாரத்தில் உள்ள ஜகோபானேயில் இரண்டு இரவும் தங்கிவிட்டு வந்தோம். உங்களுக்கும் அதையே சொல்வேன். ஏன் என்பதைக் கணக்கிலிருந்து தொடங்குகிறேன்.

நாட்டை மாற்றுவதால் விமானக் கட்டணம் பெரிதாகக் குறைவதில்லை. சென்னையிலிருந்து வளைகுடாவில் விமானம் மாறிப் போய்வர எங்கள் ஐவருக்கும் சேர்த்து ஏறத்தாழ 3,10,000 ரூபாய் ஆனது. அதே நாட்களுக்கு ஜூரிக்குக்கும் பாரிசுக்கும் பார்த்த விலையும் சில ஆயிரங்கள் முன்பின்னாகவே இருந்தது. ஆகவே எந்த நாடு மலிவு என்று பார்ப்பதைவிட, இறங்கிய பிறகு ஒரு நாளைக்கு என்ன செலவாகும் என்று பார்ப்பதே சரியான கணக்கு. போலந்தின் நாணயம் ஸ்லோட்டி; நாங்கள் போனபோது ஒரு ஸ்லோட்டி ஏறத்தாழ 21 ரூபாய். இரண்டு படுக்கையறை கொண்ட வீடு ஓர் இரவுக்குச் சுமார் 380 ஸ்லோட்டி, அதாவது 8,000 ரூபாய். ஐவரின் சாப்பாடு நாளொன்றுக்கு 250 ஸ்லோட்டிக்குள் அடங்கியது. டிராம், ரயில், பேருந்து, நுழைவுச்சீட்டு எல்லாம் ஒன்பது நாட்களுக்கும் சேர்த்து 2,000 ஸ்லோட்டியை ஒட்டி வந்தன. விசாவும் காப்பீடும் உட்பட மொத்தம் 5,20,000 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. சுவிட்சர்லாந்தில் ஓர் எளிய உணவகத்தில் ஒரு தட்டுச் சாப்பாட்டுக்கு 25 பிராங்க் கொடுப்பது சாதாரணம். அன்றைய மதிப்பில் அது 2,300 ரூபாய். ஐந்து பேர் அங்கே ஒரு வேளை உட்கார்ந்து சாப்பிடும் பணத்தில் கிராக்கோவில் இரண்டு நாள் சாப்பாட்டை ஓட்டிவிடலாம்.

செலவில் பாதிக்கு மேல் விமானத்துக்கே போய்விடுகிறது என்பதையும் கவனியுங்கள். அவ்வளவு கொடுத்துப் போனபின், பத்து நாளில் ஏழு நாடு என்று சுற்றுலா நிறுவனங்கள் விற்கும் திட்டத்தில் சேர்ந்து, தினமும் பெட்டியைக் கட்டி அவிழ்த்துப் பேருந்து ஜன்னல் வழியாக ஐரோப்பாவைப் பார்ப்பதில் எனக்கு விருப்பமில்லை. பிள்ளைகளும் வயதானவர்களும் உடன் வரும்போது ஊர் மாறும் ஒவ்வொரு நாளும் பணத்தையும் பொறுமையையும் சேர்த்தே தின்னும். மலிவான ஓர் ஊரில் வீடு எடுத்து அங்கேயே தங்குவதுதான் எங்களுக்குச் செலவைக் கட்டுப்படுத்தியது.

மாதமும் நமக்குச் சாதகம். தமிழ்நாட்டுப் பள்ளிகளின் கோடை விடுமுறை அங்கே வசந்தகாலத்தில் விழுகிறது. போலந்துப் பிள்ளைகளுக்கு ஜூன் கடைசியில்தான் விடுமுறை தொடங்கும் என்பதால், மே மாதத்தில் தங்குமிட விலை ஜூலை, ஆகஸ்டைவிடக் கண்கூடாகக் குறைவு. ஆனால் மே 1, மே 3 இரண்டும் அங்கே அரசு விடுமுறைகள். அந்த வாரம் ஊரே பயணம் கிளம்பிவிடும். நாங்கள் அதைத் தவிர்த்து இரண்டாம் வாரத்தில் போனோம். பகலில் 20 டிகிரியை ஒட்டி, இரவில் 10க்குக் கீழே, இடையிடையே மழை. நம் ஊர் அக்கினி நட்சத்திரத்திலிருந்து தப்பிப் போகிறவர்களுக்கு அது குளிர்தான். ஆளுக்கொரு மழைக்கோட்டும் ஸ்வெட்டரும் கட்டாயம். மாலை எட்டரை மணிக்கும் வெளிச்சம் இருப்பதால் ஒரு பகலில் நம் ஊரைவிடக் கூடுதல் நேரம் கிடைக்கிறது. பிள்ளைகளைத் தூங்க வைப்பதுதான் பாடு.

வீடு பிடிப்பதில் நாங்கள் செய்த இரண்டு தவறுகளைச் சொல்லிவிடுகிறேன். விளம்பரத்தில் மூன்றாம் மாடி என்று போட்டிருந்தது. அங்கே தரைத்தளத்தைக் கணக்கில் சேர்க்காமல்தான் மாடியை எண்ணுகிறார்கள், நம்மைப் போலத்தான் என்று பேசாமல் இருந்துவிட்டேன். லிஃப்ட் உண்டா என்று கேட்கத் தோன்றவில்லை. பழைய நகரத்துக் கட்டடங்கள் பலவற்றில் லிஃப்ட் இல்லை என்பதும், ஒவ்வொரு மாடியும் நம் வீட்டு ஒன்றரை மாடி உயரம் என்பதும், அம்மா முதல் திருப்பத்தில் கைப்பிடியைப் பிடித்தபடி நின்று என்னைப் பார்த்த பார்வையில்தான் விளங்கின. வீட்டு விவரத்தில் ‘விண்டா’ என்ற சொல்லைத் தேடுங்கள். போலிஷ் மொழியில் லிஃப்டுக்கு அதுதான் பெயர். இரண்டாவது தவறு குக்கர். அம்மா சென்னையிலிருந்து மூன்று லிட்டர் அலுமினிய குக்கரைப் புடவையில் சுற்றிக் கொண்டுவந்தார். அங்கிருந்த அடுப்போ இண்டக்‌ஷன். அலுமினியப் பாத்திரத்தை அது ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கடைசியில் அந்த வீட்டுப் பாத்திரத்திலேயே சோறு வடித்தோம். அரிசியும் அங்கே வேறு மாதிரி: நூறு கிராம் அரிசியைத் துளையிட்ட சிறு பையில் அடைத்து, நான்கு பைகளை ஓர் அட்டைப்பெட்டியில் விற்கிறார்கள்; பையோடு கொதிநீரில் போட்டு எடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில், ஆண்டில் ஒருசில ஞாயிறுகள் நீங்கலாக, பெரிய கடைகள் சட்டப்படி மூடியிருக்கும் என்பதால் சனிக்கிழமையே வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். ஊரிலிருந்து பொடி, ஊறுகாய் எடுத்துச் செல்லலாம். நெய், பால்கோவா போன்ற பால் பொருட்களையும் இறைச்சியையும் வெளிநாட்டிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுவரத் தடை உண்டு.

சைவம் சாப்பிடுகிறவர்கள் போலந்தில் பட்டினி கிடப்பார்கள் என்று பலர் பயமுறுத்தினார்கள். அது சரியில்லை. ‘பார் ம்லெச்னி’ என்ற பெயரில் அங்கே எளிய உணவகங்கள் இருக்கின்றன. நேர்ப்பொருள் பால் கடை. கம்யூனிச ஆட்சிக் காலத்தில் தொழிலாளிகளுக்காக நாடெங்கும் பெருகியவை. பால், மாவு, காய்கறி கொண்டு செய்யும் உணவுகளுக்கு அரசு மானியமும் உண்டு. சுவரில் பெரிய பலகை, முழுவதும் போலிஷ். கல்லாவில் பணம் கட்டிச் சீட்டை வாங்கி, சமையலறை ஜன்னலில் கொடுத்துக் காத்திருக்க வேண்டும். தட்டை நாமே திரும்பக் கொண்டுபோய் வைக்க வேண்டும். மாணவர்களும் ஓய்வூதியக்காரர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். ஐவரும் வயிறு நிறையச் சாப்பிட்டு எழுந்தபோது 110 ஸ்லோட்டிதான் ஆகியிருந்தது. உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் வைத்து மடித்து வேகவைத்த ‘பியெரோகி ருஸ்கியே’ நம் கொழுக்கட்டைக்கு ஒன்றுவிட்ட உறவு. முதல் நாள் அதன்மேல் பொன்னிறமாக ஏதோ தூவியிருந்தது. வறுத்த வெங்காயம் என்று நினைத்து அம்மா கரண்டியை எடுக்கும்போது பக்கத்தில் இருந்த மாணவி தடுத்து, அது பன்றிக் கொழுப்பு வறுவல் என்று கைபேசியில் எழுதிக் காட்டினாள். அன்றிலிருந்து ‘பெஸ் ஸ்க்வாரெக்’, அதாவது வறுவல் வேண்டாம், என்று கல்லாவிலேயே சொல்லக் கற்றுக்கொண்டோம். பலகையில் ‘தானியா யார்ஸ்கியே’ என்ற தலைப்பின் கீழ் இருப்பவை இறைச்சி இல்லாதவை. இனிப்புப் பாலாடைக்கட்டியை மெல்லிய தோசை போன்ற ஒன்றில் சுருட்டித் தரும் ‘நலெஷ்னிகி’யை என் பிள்ளைகள் ஏழு நாளும் விடவில்லை. இரவில் வீட்டில் தயிர்சாதம். அங்கே யோகர்ட் என்று விற்பதைவிட ‘ஜ்ஷியாத்வே ம்லேகோ’ என்ற புளித்த பால்தான் நம் தயிருக்கு அருகில் வருகிறது. இதைக் கண்டுபிடித்தது அம்மா; மூன்று டப்பாக்களைத் திறந்து மோந்து பார்த்து முடிவு செய்தார்.

பார்க்கும் இடங்களில் பாதிக்குப் பணமே தேவையில்லை. பழைய நகரின் நடுவில், பக்கத்துக்கு 200 மீட்டர் அளவில் பெரிய சதுக்கம் ஒன்று இருக்கிறது. அதன் ஓரத்தில் புனித மரியாள் தேவாலயத்தின் கோபுரத்திலிருந்து மணிக்கொரு முறை எக்காளம் ஊதுகிறார்கள். நான்கு திசைக்கும் ஒருமுறை, ஒவ்வொரு முறையும் பாட்டு நடுவிலேயே அறுந்து நிற்கும். தாத்தார் படையெடுப்பை எச்சரித்து ஊதிய காவலாளியின் தொண்டையில் அம்பு தைத்த இடம் அது என்று கதை. ஊதி முடித்தவர் ஜன்னலில் கையசைப்பார். என் மகன் அந்தக் கையசைப்புக்காகவே ஒவ்வொரு மணிக்கும் எங்களைச் சதுக்கத்துக்கு இழுத்தான். வாவெல் அரண்மனைக் குன்றின் அடியில், ஆற்றங்கரையில், சில நிமிடங்களுக்கு ஒருமுறை வாயிலிருந்து உண்மையாகவே நெருப்பைக் கக்கும் உலோக டிராகன் சிலை நிற்கிறது; அதற்கும் கட்டணமில்லை.

கட்டணம் அதிகமான ஒரே இடம் வியெலிச்கா உப்புச் சுரங்கம். ஆனாலும் அதைத் தவறவிடாதீர்கள். கிராக்கோவிலிருந்து ரயிலில் அரைமணி நேரம்கூட ஆகாது. யுனெஸ்கோ 1978 இல் வெளியிட்ட முதல் உலக மரபுப் பட்டியலிலேயே இடம்பெற்ற சுரங்கம் அது. தொடக்கத்திலேயே ஏறத்தாழ 380 மரப்படிகள் இறங்க வேண்டும். முழு நடையில் 800 படிகள். திரும்பி மேலே வர லிஃப்ட் இருக்கிறது. நிலத்துக்கு 101 மீட்டர் கீழே, சுரங்கத் தொழிலாளர்கள் உப்புப் பாறையிலேயே குடைந்த புனித கிங்கா ஆலயத்தில் தரை, சிற்பம், சரவிளக்கின் படிகங்கள் எல்லாமே உப்பு. வழிகாட்டி சுவரை நக்கிப் பார்க்கலாம் என்று சொன்னதும் என் பிள்ளைகள் மறுபேச்சின்றி நக்கினார்கள். அம்மாவும் ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்து, கல்லுப்புதான் என்று சான்றிதழ் கொடுத்தார். முழங்கால் வலி உள்ளவர்கள் அந்தப் படிகளை யோசித்துக்கொள்ளவும். உள்ளே கோடையிலும் 17, 18 டிகிரிதான் என்பதால் ஸ்வெட்டர் வேண்டும். நாஜிகளின் அவுஷ்விட்ஸ் வதைமுகாம் நினைவிடமும் கிராக்கோவிலிருந்து ஒரு பகலில் போய்வரும் தூரம்தான். 14 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களை அழைத்து வர வேண்டாம் என்று நினைவிட நிர்வாகமே அறிவுறுத்துவதால் நாங்கள் போகவில்லை.

நீங்கள் சுவிட்சர்லாந்தை முதலில் நினைத்ததற்கு, என் ஊகம் சரியாக இருந்தால், பிள்ளைகள் பனியைத் தொட வேண்டும் என்பதுதான் காரணம். எங்களுக்கும் அதுவே. ஜகோபானே, கிராக்கோவிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர். பேருந்தில் இரண்டரை மணி நேரத்துக்குள். குபவூஃப்கா குன்றுக்கு இழுவை ரயில் ஏறிப்போகும். அங்கே பெஞ்சில் உட்கார்ந்தே எதிரே தாத்ரா மலைத்தொடரின் பனி முகடுகளைப் பார்க்கலாம். அம்மாவும் மனைவியும் அதோடு திருப்தியடைந்தார்கள். மறுநாள் நான் பிள்ளைகளோடு 1,395 மீட்டர் உயரத்தில் உள்ள மோர்ஸ்கியே ஓகோ ஏரிக்கு நடந்தேன். தார்ச்சாலைதான், ஆனால் போக 9 கிலோமீட்டர், வர 9 கிலோமீட்டர். திரும்பும்போது மகனைத் தோளில் தூக்க வேண்டியதாயிற்று. ஏரியோரத்து நிழலில் மிஞ்சியிருந்த பனி சாம்பல் நிறமாக, ஊசியிலைகள் ஒட்டிக்கொண்டு இருந்தது. பிள்ளைகளுக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. ஒரு மணி நேரம் எறிந்து விளையாடினார்கள். காஸ்ப்ரோவி சிகரத்துக்குப் போகும் கேபிள் காரை வசந்தத்தில் சில நாட்கள் பராமரிப்புக்காக நிறுத்துவார்கள்; அதை நம்பித் திட்டம் போடுவதானால் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

விசாவைப் பற்றி. போலந்து, ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டான ஷெங்கன் பகுதிக்குள் இருக்கிறது. ஒன்றுக்கு மேற்பட்ட நாடுகளுக்குப் போவதானால், எங்கே அதிக இரவுகள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடமே விண்ணப்பிக்க வேண்டும். வேறு நாட்டில் நேர்காணல் சீக்கிரம் கிடைக்கிறது என்று மாற்றிப் போடாதீர்கள். நாங்கள் விண்ணப்பித்தபோது விசாக் கட்டணம் பெரியவருக்கு 80 யூரோ. 2024 ஜூன் 11 முதல் 90 யூரோ. 6 வயது நிறைந்து 12 நிறையாத பிள்ளைகளுக்கு அதில் பாதி, 6 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கட்டணமில்லை. விசா மையத்தின் சேவைக் கட்டணம் தனி. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்தே விண்ணப்பிக்கலாம். மே மாதப் பயணத்துக்கு ஜனவரியிலேயே நாள் வாங்கிவிடுங்கள், மார்ச்சுக்குப் பிறகு நம் ஊரே வரிசையில் நிற்கும். விசா வரும்வரை, ரத்து செய்தால் பணம் திரும்பும் வகையில் மட்டுமே தங்குமிடம் பதிவு செய்யுங்கள்.

கிராக்கோவ் மனதுக்கு ஒட்டவில்லை என்றால் அடுத்து ஹங்கேரியின் தலைநகர் புடாபெஸ்டைச் சொல்வேன். அங்கே புடா மலைக்காட்டில் 11 கிலோமீட்டர் ஓடும் ஒரு ரயிலில், ஓட்டுநர் போன்ற சில வேலைகள் தவிர, சீட்டு விற்பதும் கொடி காட்டுவதும் 10 முதல் 14 வயதுப் பிள்ளைகள். சுவிட்சர்லாந்துக்குக் கூட்டிப் போகாததை உங்கள் பிள்ளைகள் அதற்காகவே மன்னிப்பார்கள். கடற்கரைதான் வேண்டும் என்றால் மே மாதம் சரிப்படாது, மத்தியதரைக் கடலும் அப்போது குளிர்ந்திருக்கும். ஜூலையில் போக முடிகிறவர்களுக்குப் பல்கேரியாவின் வார்னா பக்கம் நல்ல தேர்வு. அந்த நாடு 2025 தொடக்கத்திலிருந்து முழுமையாக ஷெங்கனுக்குள் வந்துவிட்டது. அல்பேனியாவும் மலிவுதான், ஆனால் ஷெங்கனுக்கு வெளியே இருக்கிறது. ஒருமுறை நுழைவதற்கான விசாவை வைத்துக்கொண்டு நடுவில் அங்கே எட்டிப் பார்த்துவிட்டு வந்தால், திரும்பும் விமானத்தைப் பிடிக்க மறுபடியும் உள்ளே விடமாட்டார்கள்.