தானப் பத்திரத்தில் 'தூர்க்கக் கூடாது' என்று எழுதினால் செல்லுமா?

கேள்வி: மரக்காணம் பக்கம், கழுவெளி ஓரத்தில் எனக்கும் தம்பிக்கும் கூட்டுப் பட்டாவில் 6 ஏக்கர் பள்ள நிலம் இருக்கிறது. ஐப்பசியில் நிற்கும் தண்ணீர் மாசி வரை வற்றாது; பூநாரையும் உள்ளானும் வந்து இறங்கும். அப்பா அதை ஒருநாளும் தூர்த்ததில்லை. இப்போது இறால் பண்ணைக்குக் குத்தகை கேட்கிறார்கள், தம்பிக்குச் சம்மதம். பறவைகளுக்காக வேலை செய்யும் ஓர் அறக்கட்டளைக்குத் தானமாக எழுதி, 'எக்காலத்திலும் தூர்க்கக் கூடாது' என்று நிபந்தனை போட்டால் நிலம் பிழைக்குமா?

பதில்: அந்த ஒரு வரியை நம்பி நிலத்தைக் கொடுத்துவிடாதீர்கள். முழு உரிமையோடு சொத்தை எழுதிக்கொடுத்துவிட்டு 'இப்படித்தான் அனுபவிக்க வேண்டும்' என்றால், வாங்கியவர் அந்தக் கட்டளையே இல்லாததுபோல நடந்துகொள்ளலாம் என்கிறது 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 11-ஆம் பிரிவு. 'யாருக்கும் விற்கக் கூடாது' என்று அடியோடு தடுத்தால் அது 10-ஆம் பிரிவின்படி செல்லாது. இன்றைய நிர்வாகிகள் நல்லவர்களாகவே இருக்கட்டும். 20 வருடம் கழித்து அந்த நாற்காலியில் யாரோ. ஒரு விலக்கு உண்டு. பக்கத்து மேட்டு நிலம் உங்களிடமே இருந்து, அதன் மழைநீர் இந்தப் பள்ளத்தில்தான் வடிய வேண்டும் என்றால், அந்த நிலத்தின் நன்மைக்காகப் போடும் நிபந்தனை நிற்கும்.

நிலம் உங்கள் பெயரிலேயே இருக்க, 'மாற்ற மாட்டேன்' என்ற கட்டுப்பாட்டை மட்டும் அறக்கட்டளைக்கு எழுதிக்கொடுக்கும் வழி அமெரிக்காவில் உண்டு. நம் வசதியுரிமைச் சட்டத்தில் அதற்கு இடமில்லை. இங்கே வசதியுரிமை என்றால் ஒரு நிலத்தின் அனுபவத்துக்காக இன்னொரு நிலத்தின் மேல் உள்ள உரிமைதான்.

சரி, என்ன செய்யலாம்? முதலில் புல எண்ணைப் பாருங்கள். கழுவெளி 2021-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அந்த அறிவிக்கையில் உங்கள் எண் இருந்தால் கதையே வேறு. வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு அறிவிக்கை வந்த பிறகு, அந்த எல்லைக்குள் வாரிசு வழியாகவோ உயில் வழியாகவோ தவிர யாருக்கும் புதிதாக உரிமை உண்டாகாது. இறால் குத்தகையும் முடியாது, உங்கள் தானமும் முடியாது. ஆட்சியர் விசாரணையில் உங்கள் உரிமையைப் பதிவு செய்வதுதான் அப்போது வேலை.

எல்லைக்கு வெளியே இருந்தால், உங்களுக்குப் பொருத்தம் என்று நான் நினைப்பது அதே சட்டத்தின் 36சி பிரிவு. காட்டுயிரைக் காக்கத் தானாக முன்வருபவரின் சொந்த நிலத்தை மாநில அரசு 'சமுதாயக் காப்பகம்' என்று அறிவிக்கலாம். பட்டா உங்களுடையதாகவே இருக்கும். ஆனால் நிர்வாகக் குழுவின் தீர்மானமும் அரசின் ஒப்புதலும் இல்லாமல் நிலத்தின் பயன்பாட்டை மாற்ற முடியாது. தானப் பத்திரத்தில் நீங்கள் எழுத நினைத்ததைச் சட்டமே எழுதிக்கொடுக்கிறது. 2022 திருத்தத்துக்குப் பிறகு, சொந்த நிலமென்றால் குழுவில் நில உரிமையாளர், வனத்துறைப் பிரதிநிதி, ஊராட்சிப் பிரதிநிதி இருப்பார்கள். ஒன்றை மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள்: பிறகு உங்கள் பிள்ளை அங்கே வீடு கட்ட நினைத்தாலும் இந்தக் கட்டு அவனுக்கும் உண்டு.

அறக்கட்டளையை விட்டுவிட வேண்டாம். பராமரிப்புக்காக அவர்களுக்குக் குத்தகை கொடுங்கள். ஒரு வருடத்துக்கு மேல் என்றால் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும். எதற்காகக் கொடுக்கிறீர்கள் என்பதைப் பத்திரத்தில் தெளிவாக எழுதி, 'மீறினால் குத்தகை ரத்து, நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்வேன்' என்ற வரியையும் சேருங்கள். குத்தகையில் இந்த நிபந்தனை செல்லும்.

இனி தம்பி. கூட்டுப் பட்டாவில் உங்கள் பங்கை மட்டுமே நீங்கள் கட்டுப்படுத்த முடியும். காப்பகத்துக்கான மனுவில் அவர் கையெழுத்தும் வேண்டும். மறுத்தால், தண்ணீர் அதிகம் நிற்கும் பக்கம் உங்களுக்கு வருவதுபோல பாகப்பிரிவினை செய்து பதிவு செய்யுங்கள். அதோடு, கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்தில் பதிவு இல்லாமல் அங்கே இறால் வளர்க்க முடியாது என்பதையும் அவரிடம் சொல்லுங்கள். பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லிக் கேட்கட்டும். அதுவரை இருவரும் முன்பணம் வாங்கிவிடாதீர்கள்.