கொலைகாரனை முதலிலேயே காட்டினால் சஸ்பென்ஸ் ஏது?

கே: ‘தி ஃபால்’ தொடரில் கொலைகாரன் யாரென்று முதல் எபிசோடிலேயே சொல்லிவிடுகிறார்களே, பிறகு எதற்குப் பார்ப்பது? (வாசகி, திருச்சி)

ப: யார் என்பதல்ல, எப்போது மாட்டுவான் என்பதுதான் இங்கே பதைபதைப்பு. கதை நடப்பது வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட்டில். கொலைகாரன் பால் ஸ்பெக்டர் (ஜேமி டோர்னன்) துக்கத்தில் இருப்பவர்களைத் தேற்றும் ஆலோசகர். மனைவி, இரண்டு குழந்தைகள் உண்டு. கொல்வதற்கு முன் நாள்கணக்கில் பின்தொடர்வான். வக்கீல் சாரா கே வெளியே போன நேரம் பார்த்து வீடு புகுந்து, அவளது உள்ளாடைகளைக் கட்டிலில் பரப்பிவிட்டுப் போகிறான். அவள் போலீஸைக் கூப்பிடுகிறாள். வந்தவர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அதே வீட்டுக்கு அவன் மறுபடி வருகிறான். தொடரிலேயே வயிற்றைக் கலக்கும் பகுதி இதுதான்.

கே: இவ்வளவு உஷாரானவன் எங்கே சறுக்கினான்? (வாசகர், மதுரை)

ப: ஆனி ப்ராலி வீட்டில். அவளைத் தாக்கும்போது சகோதரன் வந்துவிட, திட்டம் குலைகிறது. சகோதரன் இறக்கிறான்; ஆனி பிழைக்கிறாள். அவனைத் தேடும் போலீஸ் அதிகாரி ஸ்டெல்லா கிப்சனுக்கு (ஜில்லியன் ஆண்டர்சன்) உயிருள்ள சாட்சி கிடைத்துவிட்டது. 2013 முதல் 2016 வரை மூன்று சீசன், 17 எபிசோடு. ஸ்பெக்டரின் ஞாபகமறதியை வைத்து ஓட்டும் மூன்றாவது சீசன் கொஞ்சம் இழுவைதான். முதல் ஐந்து எபிசோடைத் தவறவிடாதீர்கள்.