வீட்டுப் பழுது: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: லண்டன் ஹாரோவில் எங்கள் வீடு. ரேடியேட்டருக்குப் போகும் 15 மி.மீ. செம்புக் குழாயின் முழங்கை ஜாயிண்ட், தரைப்பலகைக்கு அடியில் ஒழுகுகிறது. பின்னால் சுவர், பக்கத்தில் மரச்சட்டம். கை நுழைவதே கஷ்டம். அங்கேயே பற்றவைக்கலாமா?

பதில்: அங்கே வேண்டாம். ஜாயிண்டை இடம் மாற்றுங்கள். இரண்டு பக்கமும் கை தாராளமாகப் போகிற இடம் வரை பின்வாங்கி, அங்கே குழாயை அறுங்கள். புது முழங்கையை வெளியே மேசையில் வைத்து, இரு பக்கமும் தேவையான நீளத்துக்குக் குழாய்த்துண்டு சேர்த்து, நிதானமாகப் பற்றவைத்து ஆறவிடுங்கள். பிறகு அந்த மொத்தத் துண்டையும் உள்ளே இறக்கினால், குழிக்குள் செய்ய வேண்டியது இரண்டே நேர் ஜாயிண்ட்.

அந்த இரண்டுக்கும் ஸ்லிப் கப்ளர் (இரு குழாய்முனைகளை நேராக இணைக்கும் குட்டைக் குழாயில் ஒரு வகை) வாங்குங்கள். சாதாரண கப்ளரின் நடுவில் தடுப்பு இருக்கும்; குழாய் இரண்டையும் விலக்கிப் பிடித்தால்தான் நுழையும், சட்டத்துக்கு நடுவே குழாய் அசையாது. ஸ்லிப்பில் தடுப்பு இல்லை. முழுவதையும் ஒரு குழாயின்மேல் தள்ளி வைத்து, மறு குழாய் நேருக்கு வந்ததும் திரும்ப இழுத்துவிடலாம். கப்ளரின் பாதி நீளத்தை முன்கூட்டியே குழாயில் பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள். குறி இல்லாவிட்டால் ஒரு பக்கம் 3 மி.மீ. மட்டும் நுழைந்து நிற்கும். பார்வைக்குச் சரியாகத் தெரியும், சூடேறியதும் ஒழுகும்.

அறுப்பதற்கு, குழாயைக் கவ்விச் சுழலும் சிறு வட்டக் கட்டர் நல்லது. சுற்றிலும் ஒரு விரல் நுழையும் இடைவெளி போதும். ஹாக்ஸா (உலோகம் அறுக்கும் ரம்பம்) போட்டால் தூள் உள்ளே போய்விடும், பம்புக்கு ஆகாது. அறுத்த முனையின் பிசிறை உள்ளும் வெளியும் நீக்கி, செம்பு பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, ஃபிளக்ஸை (சால்டர் ஒட்ட உதவும் பசை) மெல்லியதாகப் பூசுங்கள்.

பின்பக்கம் கண்ணுக்குத் தெரியாத ஜாயிண்டில் சால்டர் கம்பியை (பற்றவைக்க உருக்கும் உலோகம்) ஊட்டுவது சூதாட்டம். உள்ளேயே சால்டர் வளையம் வைத்து வரும் ஃபிட்டிங் கிடைக்கிறது. ஸ்லிப் வகையிலும் உண்டு. ஃபிட்டிங்கைச் சூடாக்கினால் போதும், வாய் முழுக்க வெள்ளிக்கோடு தெரியும். பின்பக்கக் கோட்டை ஒரு சிறு கண்ணாடியில் பாருங்கள். இடைவெளி தெரிந்தால் அங்கே இன்னொரு முறை ஃபிளக்ஸ், சூடு, சிறிது சால்டர்.

சால்டர் உருகவே மாட்டேன் என்றால், பெரும்பாலும் குழாயில் தண்ணீர் நிற்கிறது. தண்ணீர் கொதித்துத் தீரும்வரை ஜாயிண்ட் 100 டிகிரியைத் தாண்டாது; ஈயம் கலக்காத சால்டர் உருக 227 டிகிரி வேண்டும். கேஸ் டார்ச்சின் சுடரைப் பெரிதாக்கிப் பயனில்லை. தண்ணீரை வடித்து, ஈர வாக்குவம் வைத்து உறிஞ்சி எடுங்கள். மரத்துக்கு முன்னால் தீத்தடுப்புத் துணி, பக்கத்தில் தண்ணீர்ப் பீச்சான், தீயணைப்பான். முடிந்தபின் ஒரு மணி நேரம் அங்கிருந்து நகராதீர்கள். பழைய தூசிக்குள் தணல் மெதுவாகத்தான் எழும்.

கேள்வி: பழைய வீடு. முக்கால் அங்குலக் குழாயில் 22 மி.மீ. கம்ப்ரஷன் ஃபிட்டிங் (பற்றவைக்காமல் நட்டை முறுக்கி இறுக்கும் இணைப்பு) போட்டேன். எவ்வளவு முறுக்கினாலும் சொட்டுகிறது.

பதில்: முறுக்கு குறையவில்லை, அளவு வேறு. 1970களுக்கு முந்தைய முக்கால் அங்குலக் குழாயின் வெளிவிட்டம் சுமார் 21.5 மி.மீ. அந்த அரை மி.மீ. வித்தியாசத்தை 22க்கான ஆலிவ் (உள்ளே நசுங்கும் வளையம்) பிடிக்காது. அதே ஃபிட்டிங்குக்குள் போட, முக்கால் அங்குல ஆலிவ் தனியாக விற்கிறார்கள். அதை மட்டும் மாற்றினால் போதும். அரை அங்குலக் குழாய்க்கு இந்தத் தொல்லை இல்லை, 15 மி.மீ. ஆலிவே பொருந்தும். பொதுவாகக் கையால் இறுக்கியபின், ஸ்பானரில் ஏறக்குறைய ஒரு சுற்று. ஃபிட்டிங்கின் உடலை இன்னொரு ஸ்பானர் பிடித்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த ஜாயிண்ட் திரும்பிவிடும். அதற்கு மேல் இறுக்கினால் குழாய் நசுங்கும், ஒழுக்கு கூடும்.

கேள்வி: தள்ளினாலே பிடித்துக்கொள்ளும் புஷ்-ஃபிட் ஜாயிண்ட் போடக்கூடாதா?

பதில்: போடலாம், நெருப்பே வேண்டாம் என்பது பெரிய வசதி. ஆனால் பிசிறு நீக்காத முனை உள்ளே இருக்கும் ரப்பர் வளையத்தைக் கீறிவிடும்; மாதம் கழித்துத்தான் தெரியும். குழாயில் நுழைவாழத்தைக் குறித்து, குறி மறையும்வரை தள்ளி, பிறகு இழுத்துப் பாருங்கள். குரோம் பூசிய குழாயில் வேண்டாம், ஜாயிண்டுக்குள் இருக்கும் பல் பிடிக்காது. பாய்லரை ஒட்டிய முதல் ஒரு மீட்டரைச் செம்பிலேயே விட்டுவிடுங்கள். பாய்லருக்குள்ளோ கேஸ் குழாயிலோ கை வைப்பது, கேஸ் சேஃப் (பிரிட்டனில் கேஸ் வேலை செய்வோரின் பதிவேடு) பதிவு பெற்றவரின் வேலை.