தொண்ணூறுகளை விட்டு இறங்காத கணவர்

கேள்வி: ஐம்பதை நெருங்கும் என் கணவர் காரில் ஏறினாலே தொண்ணூறுகளின் டான்ஸ் பாட்டுதான் போடுகிறார். புதுசு எதையும் காதில் வாங்குவதில்லை. இது என்ன பைத்தியம்?

பதில்: எனக்கும் அதே பைத்தியம்தான், அதனால் தீர்ப்பு கொஞ்சம் ஒருபக்கமாக இருக்கும்!

பத்து வயதிலிருந்து முப்பதுக்குள் நடந்தவைதான் பின்னாளில் அதிகம் நினைவுக்கு வரும் என்கிறார்கள் உளவியலாளர்கள். பாட்டுக்கும் அது பொருந்தும். சரி, வயசு மட்டும்தான் காரணமா? ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்த இசையின் கட்டுமானம் அப்படி. ஒவ்வொரு தாள அடிக்கும் தவறாமல் ஒரு 'தம்'. நடுவில் டிரம்ஸ் சட்டென்று நின்றுவிடும்; பியானோவும் ஒரு பெண் குரலும் மட்டும் மேலே ஏறும். மறுபடி எல்லாம் சேர்ந்து விழும்போது, முட்டி வலிக்காரருக்கும் கால் ஆடும்.

ராபின் எஸ் பாடிய 'ஷோ மீ லவ்' பாட்டையே எடுங்கள். முதலில் வந்தது 1990-இல். அப்போது பெரிதாகப் போகவில்லை. ஸ்வீடன் நாட்டு டிஜே ஸ்டோன்பிரிட்ஜ் செய்த ரீமிக்ஸ்தான் 1993-இல் உலகமெங்கும் ஒலித்தது. அதில் குதித்துக் குதித்து வரும் ஆர்கன், 1988-இல் வந்த கோர்க் எம்1 கீபோர்டில் கம்பெனியே போட்டுக் கொடுத்த சத்தம். அதை வாங்கிய எல்லோரிடமும் இருந்ததுதான். அதை வைத்து என்ன செய்திருக்கிறார், பாருங்கள்!

'ஹவுஸ்' எனப்படும் இந்த வகை டான்ஸ் இசையில் இன்று வரும் பாடல்களிலும் அந்த ஆர்கன் அடிக்கடி தலைகாட்டுகிறது. அப்படி இரண்டைத் தேடி, உங்கள் கணவரின் பட்டியலில் நைசாக நடுவே செருகிவிடுங்கள். 'எங்க காலத்துப் பாட்டு' என்று தலையாட்டுவார். நீங்கள் வாயைத் திறக்காதீர்கள்.