புதுக் கடைக்கு டொமைன் பெயர் எப்படித் தேர்ந்தெடுப்பது?

கடைப் பெயரை முடிவு செய்துவிட்டு, அதே பெயரில் டாட் காம் டொமைன், அதாவது இணையதள முகவரி, காலியாக இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். அந்தப் பெயரைப் போனில் சொன்னால் கேட்பவர் சரியாகத் தட்டுகிறாரா என்று பாருங்கள்.

மதுரையில் என் அக்கா சுங்குடிப் புடவை விற்கிறார். பாதி வியாபாரம் போன் பேச்சிலேயே நடக்கும். இணையதளத்துக்குத் 'தாழம்பூ' என்று வைக்க அவருக்கு ரொம்ப ஆசை. நான் சித்திக்கும் பெரியப்பா மகளுக்கும் வாடிக்கையாளர்கள் சிலருக்கும் போன் போட்டு, "தாழம்பூ டாட் காம்னு இங்கிலீஷ்ல எப்படி டைப் பண்ணுவீங்களோ அப்படியே வாட்ஸ்அப்ல அனுப்புங்க" என்றேன். பெரியப்பா மகள் 'ழ'வுக்கு இசட் ஹெச் போட்டாள், சித்தி வெறும் எல் போட்டார். 'தா'வுக்குச் சிலர் ஒரு ஏ, சிலர் இரண்டு. 'பூ'வுக்கு ஒருவர் இரண்டு ஓ, இன்னொருவர் யூ. முதல் எழுத்தில் ஹெச்சே போடாதவர்களும் உண்டு. அக்கா என் போனை வாங்கி ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "சரிடா, ழ இல்லாத பேரா ஒண்ணு சொல்லு" என்றார்.

கடைசியில் வைத்தது சின்னப் பெயர். ழ, ள, நெடில் எதுவும் கிடையாது. இங்கே சொன்னால் விளம்பரம் என்பார்கள், அதனால் விடுகிறேன். நடுவில் ஹைபனும் போடவில்லை. அதைப் போனில் விளக்குவதற்குள் எதிரில் இருப்பவர் பொறுமை இழந்துவிடுவார்.

'மதுரை சுங்குடி சாரீஸ் ஆன்லைன்' என்று தேடுசொல்லையே பெயராக வைத்தால் கூகுளில் மேலே வருமே என்று யாராவது பின்னூட்டத்தில் வருவீர்கள். அந்த வழியில் மேலே வந்துகொண்டிருந்த தரமில்லாத தளங்களைக் கீழே தள்ளத்தான் கூகுள் 2012-லேயே ஒரு மாற்றம் கொண்டுவந்தது. ஒரு பெயருக்கு 63 எழுத்து வரை அனுமதி உண்டுதான். அத்தனையையும் யார் தட்டுவார்கள்?

இதில் எனக்கு ஒரு ஆற்றாமையும் உண்டு. தமிழில் கடை நடத்துபவர் ஏன் ஆங்கில எழுத்துக்குத் தோதாகப் பெயரை வெட்ட வேண்டும்? டாட் இந்தியா, டாட் இலங்கை என்று தமிழிலேயே முடியும் முகவரிகள் பல வருடமாக இருக்கின்றன. ஆனால் அதை நகலெடுத்து ஒட்டினால் பல நேரம் எக்ஸ்என் என்று தொடங்கும் புரியாத எழுத்துக் குவியலாக வருகிறது. அந்த முகவரியில் மெயில் ஐடி வைத்தால் எத்தனையோ படிவங்கள் தவறு என்று திருப்பி அனுப்புகின்றன. தமிழ் முகவரியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆங்கில முகவரி ஒன்றை வாங்கிவிட்டு, தமிழ் முகவரியையும் கூடவே வாங்கி, அதைத் தட்டுபவர்கள் ஆங்கில முகவரிக்கே வந்து சேரும்படி திருப்பிவிடுங்கள்.

அப்புறம், தளம் செய்து தருபவரிடம் "டொமைனையும் நீங்களே வாங்கிடுங்க தம்பி" என்று விடாதீர்கள். என் மாமாவின் அச்சகத்துக்குத் தளம் செய்தவர் டொமைனைத் தன் பெயரில், தன் மெயிலில் பதிவு செய்துகொண்டார். புதுப்பிக்கச் சொல்லி வந்த நினைவூட்டல்கள் எல்லாம் அவருக்கே போயின. காலாவதியான பிறகு அபராதம் கட்டி மீட்க டாட் காமுக்கு 30 நாள் அவகாசம் உண்டு, அதுவும் கழிந்தது. பில் புத்தகத்தில் மாமா அச்சடித்து வைத்திருந்த முகவரியில் இப்போது சூதாட்ட விளம்பரம் ஓடுகிறது. பதிவில் ரிஜிஸ்ட்ரன்ட், அதாவது டொமைன் யார் பெயரில் இருக்கிறது என்ற இடத்தில் உங்கள் பெயரும், நீங்கள் தினமும் பார்க்கும் மெயிலும் இருக்கட்டும். பணம் கட்டும்போது முதல் வருடச் சலுகை விலையோடு நிற்காமல், இரண்டாம் வருடப் புதுப்பிப்புக் கட்டணம் எவ்வளவு என்றும் பார்த்துவிடுங்கள்.